ஆஷாடமும் ஆடியும் முப்பது சலுகை நாட்களும்

பொடி எழுத்துக்கு நான் பயந்தவள் இல்லை. மைசூரில் ஒரு பாடப்புத்தக அச்சகத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்தினேன். கன்னடம், ஆங்கிலம் இரண்டும் என் மேஜைக்கு வரும். அடிக்குறிப்பில் ஒரு காற்புள்ளி இடம் மாறி நின்றால்கூட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால், என் கணவர் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கம்பெனி கொடுத்துவந்த மருத்துவக் காப்பீடும் அவரோடு சேர்ந்து ஓய்வுபெற்றபோது, நாங்களே ஒரு பாலிசி எடுப்பது என்று முடிவானது. அதை வாசித்துப் பார்க்கும் பொறுப்பை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

பாலிசி எடுத்துக் கொடுத்தவள் எங்கள் எதிர்வீட்டுப் பெண். காப்பீட்டு முகவர். நாற்பது வயதிருக்கும். அவள் கணவருக்கு மண்டி மொஹல்லாவில் மின்சாரச் சாமான் கடை. வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், அவசரமென்றால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். இந்தத் தெருவில் எங்கள் மூன்று தலைமுறை ஓடிவிட்டதால் எங்கள் தமிழும் கிட்டத்தட்ட அந்த லட்சணம்தான். அவள் கொண்டுவந்த கையேடு நாற்பது பக்கம். மற்றவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் தேடுவார்களாம். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அதிலும் "எவற்றுக்கெல்லாம் பணம் கிடைக்காது" என்ற விலக்குப் பட்டியலை ஒரு வாரம் காபி நேரத்தில் கணவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"போர் வந்து அடிபட்டா கிடையாது."

"சரி."

"அணுக்கதிர் பட்டா கிடையாது. அழகுக்காக மூக்கைத் திருத்திக்கிட்டா கிடையாது. குடிச்சுட்டு விழுந்தா கிடையாது. மலையேறுற பந்தயம், பாராசூட்ல குதிக்கிறது, இதெல்லாம் கிடையாது."

"அப்போ சாமுண்டி மலை உச்சியிலேருந்து பாராசூட்ல குதிக்கிற திட்டத்தை விட்டுட வேண்டியதுதான்" என்றார். "இத்தனை நாள் உன்கிட்டே சொல்லாம வெச்சிருந்தேன்."

அவர் அப்படித்தான். நான் படபடவென்று பேசுவேன், அவர் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காபியை ஆற்றுவார். எங்கள் வீட்டில் சண்டை ஒருபோதும் முழுதாக நடந்ததில்லை. பாதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

விண்ணப்பப் படிவத்தில் "ஏற்கெனவே உள்ள நோய்கள்" என்று ஒரு கட்டம் இருந்தது. அவருக்கு அப்போதே இரண்டு முழங்காலிலும் வலி. மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். நான் பேனாவை எடுத்ததும் எதிர்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பேடா, அதை எழுத வேண்டாம். முட்டி வலி யாருக்குத்தான் இல்லே? எழுதினா மூணு வருஷம் காத்திருக்கணும்னு போட்டுடுவாங்க."

"எழுதலேன்னா?"

"எழுதலேன்னா..." என்று அவள் கூரையைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியும். பதினேழாம் பக்கம். மறைத்தது பின்னால் தெரிந்தால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பாலிசியையே ரத்து செய்யலாம். கட்டத்தில் "இரண்டு முழங்கால், வலி, ஒரு வருடமாக" என்று முத்து முத்தாக எழுதினேன். அவள் சொன்னபடியே மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பாலிசி வந்தது. மூன்று வருடம் இடைவெளி இல்லாமல் தவணை கட்டிவந்தால் அதற்குப் பிறகு முழங்கால் சிகிச்சைக்கும் பணம் உண்டு. நடுவில் தொடர்ச்சி அறுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

"மூணு வருஷமா?" என்று கேட்டுவிட்டு அவர் தன் முழங்காலைப் பார்த்தார். "தாங்குவியாடா?" என்று அதனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.

அது சரியாகத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சாமுண்டி மலையின் ஆயிரம் படியையும் ஏறிவந்த மனிதர், முதல் வருடம் நடுவழியில் இருக்கும் பெரிய நந்தி சிலை வரைக்கும் ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் வருடம் பஸ்ஸில் போனார். மூன்றாம் வருடம் பஸ்ஸில் ஏறுகிற மூன்று படியே அவருக்கு மலையாகிவிட்டது. இரண்டு முட்டியையும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் செலவில் அதைச் செய்வதென்றால் வீட்டை அடகு வைக்க வேண்டியிருக்கும். ஆகவே அவர் காத்திருந்தார். ஒரு நாள்கூட "நீ அன்றைக்கு அந்தக் கட்டத்தை நிரப்பாமல் இருந்திருக்கலாம்" என்று சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாம் வருடப் புதுப்பிப்பு நெருங்கியது. அதைக் கட்டிவிட்டால் காத்திருப்பு முடிந்தது. எதிர்வீட்டுப் பெண் ஒரு யோசனையோடு வந்தாள். வயதாகிறது, ஆஸ்பத்திரிச் செலவு ஏறுகிறது, இந்தத் தடவை காப்பீட்டுத் தொகையை இரண்டு மடங்காக்கிக்கொள்ளலாமே என்றாள். நல்ல யோசனைதான். அதற்குத் தனிப் படிவம், தனி நிபந்தனைகள். கூட்டுகிற தொகைக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும், பழைய தொகைக்குப் பழைய கணக்கே தொடரும். இதையெல்லாம் நான் வாசிக்காமல் விடுவேனா? "வெச்சுட்டுப் போ, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். ஆற அமரப் பதினைந்து நாள் படித்தேன். படித்து முடித்தபோது ஆஷாடம் பிறந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கன்னடக்காரர்களுக்கு ஆஷாட மாதம் ஆகாது. புது வண்டி எடுக்க மாட்டார்கள், புதுக் கடை திறக்க மாட்டார்கள், புது மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழர்களுக்கு அதே காரணங்களோடு ஆடி மாதம் ஆகாது. இரண்டும் ஒரே மாதமாக இருந்தால் தொல்லை இல்லை. அவர்களுக்கு மாதம் அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு, நமக்குச் சூரியக் கணக்கு. எனவே ஆஷாடம் முன்னால் வந்து பாதியில் நிற்கும்போது ஆடி பிறக்கும். ஆஷாடம் போன பிறகும் ஆடி நகராது. மைசூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்கள் அக்கம்பக்கத்துக்காக ஒன்றையும், அப்பா அம்மாவுக்காக இன்னொன்றையும் கடைப்பிடிக்கிறோம். வருடத்தில் எல்லோருக்கும் ஒரு மாதம் ஆகாது. எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மீறவும் மாட்டேன். என் கணவருக்கு நம்பிக்கை உண்டு. தினசரிக் காலண்டரில் ராகு காலம் பார்க்காமல் பால்காரருக்குக்கூடப் புதுக் கணக்கு தொடங்க மாட்டார். தொகையை இரட்டிப்பாக்குவது புதுக் காரியம், நல்ல நாளில்தான் கையெழுத்து என்று அவர் சொன்னார். எதிர்வீட்டுப் பெண்ணும் அதே கட்சி.

"ஆஷாடம் முடியட்டும் அக்கா, நானே இந்த மாசம் புது பாலிசி யாருக்கும் எழுதறதில்லே" என்றாள்.

"ஆஷாடம் முடிஞ்சா உனக்கு ஆச்சு. எங்களுக்கு ஆடி இருக்கே. ஆவணி பொறக்கட்டும்" என்றேன்.

அவள் சிரித்தாள். "உங்களுக்கு ரெண்டும் உண்டா? நல்லா இருக்கு போங்க. சரி, பழைய பாலிசியை மட்டும் தேதிக்குள்ளே கட்டிடுங்க அக்கா, தொகையைப் பத்தி அப்புறம் பார்த்துக்கலாம்."

இதைச் சொன்னாளா என்று கேட்டால், சொன்னாள். என் காதில் விழுந்ததா என்று கேட்டால், விழுந்தது. ஆனால் இரண்டு வருடமாக நானே ஃபோனில் தவணை கட்டுகிறவள். எனக்கே பாடம் எடுக்கிறாளே என்ற எரிச்சலில் அந்த வாக்கியத்தை நான் உள்ளே அனுமதிக்கவில்லை.

பாலிசி முடிகிற நாளும் ஆஷாடம் பிறந்த நாளும் அந்த வருடம் அடுத்தடுத்து வந்தன. பரவாயில்லை என்று நினைத்தேன். தேதி தாண்டினாலும் தவணை கட்ட ஒரு மாதம் சலுகை உண்டு என்பது எனக்குத் தெரியும். அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடே இட்டிருந்தேன். ஆஷாடம் எங்களுக்கு இரவல் மாதம், அதை நான் மாதமாகவே மதிக்கவில்லை. மனதில் இருந்தது ஆடிதான். சலுகை ஒரு மாதம், ஆடி ஒரு மாதம், இரண்டும் ஒன்றுக்கொன்று சரி என்று என் தலை முடித்துவைத்துவிட்டது. சமையலறைக் காலண்டரில் ஆவணி முதல் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டம் அழகாக வந்திருந்தது.

கம்பெனியிலிருந்து நினைவூட்டும் குறுஞ்செய்திகள் கணவரின் ஃபோனுக்கு வந்தன. "என்னமோ வந்துக்கிட்டே இருக்கு பாரு" என்று இரண்டு முறை நீட்டினார். "எனக்குத் தெரியும், அழிச்சுடுங்க" என்றேன்.

ஆடி அமாவாசை அன்று ஞாயிற்றுக்கிழமை. முன்னோர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஒவ்வொரு வருடமும் போகிறபடி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சங்கமத்துக்கு ஆட்டோவில் போனோம். அணை நிறைந்து காவிரி கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் சொல்லி மாளாது. படித்துறையின் மேல்படியில் நின்று அவர் கீழே பார்த்தார். ஒரு படி இறங்கினார். இரண்டாவது படியில் ஈரம் வழுக்கி, கால் தடுமாறி, நல்லவேளையாகப் பக்கத்தில் நின்ற ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம், இங்கேயே உக்காருங்க" என்றேன்.

மேல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் கீழே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டுவந்தேன். சாஸ்திரிகள் மந்திரம் சொல்ல, அவர் அங்கிருந்தே எள்ளும் தண்ணீரும் விட்டார். மிச்சத் தண்ணீரை நான் அவர் தலையில் தெளித்து, காலில் ஊற்றினேன். ஆற்றுக்கு வந்து ஆற்றில் இறங்காமல் திரும்புவது அவருக்கு அதுதான் முதல் தடவை. முகம் சின்னதாகிவிட்டது. ஆட்டோவில் ஏறும்போது சொன்னார்.

"பரவாயில்லே. அடுத்த ஆடி அமாவாசைக்குப் புது முட்டி இருக்கும். நானே இறங்கிடுவேன்."

"கண்டிப்பா" என்றேன். தவணையை முப்பது நாளாகக் கட்டாமல் வைத்துக்கொண்டு இந்த வார்த்தையைச் சொன்னேன்.

அதே அமாவாசை கன்னடக்காரர்களுக்குப் பீமன அமாவாசை. கல்யாணமான பெண்கள் கணவரின் ஆயுளுக்காகப் பூஜை செய்து, கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, கணவரின் பாதத்தைக் கழுவிப் பூப்போட்டு வணங்குவார்கள். எதிர்வீட்டுப் பெண் வருடாவருடம் என்னையும் கூப்பிடுவாள். "நீங்களும் பண்ணுங்க அக்கா, அண்ணனுக்கு நல்லது." நானும் வருடாவருடம் ஒரே பதிலைச் சொல்வேன். "நீ உன் வீட்டுக்காரர் காலைக் கழுவு. என் வீட்டுக்காரர் காலுக்கு இன்சூரன்ஸ் இருக்கு."

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் பட்டுப்புடவையோடு, தட்டில் கொழுக்கட்டை மாதிரி இருக்கும் கடுபு எடுத்துக்கொண்டு வந்தாள். நான் தட்டை வாங்கக் கை நீட்டினேன்.

"அக்கா, கேட்கணும்னு இருந்தேன். கட்டின ரசீதை எனக்கு இன்னும் அனுப்பலியே? என் ஆப்ல உங்க பாலிசி கட்டலேன்னே காட்டுது. அவங்க சிஸ்டம் ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்."

"கோளாறு ஒண்ணும் இல்லே. ஆவணி பொறந்ததும் சேர்த்துக் கட்டலாம்னு வெச்சிருக்கேன். ஒரு மாச கிரேஸ்தான் இருக்கே."

தட்டு என் கைக்கு வரவில்லை. பின்னுக்குப் போயிற்று.

"அக்கா! கிரேஸ் இன்னிக்குக் கடைசி!"

"இல்லையே" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. அவளைத் திருத்துவதற்காகக் கையேட்டை எடுத்துவந்தேன். என் சிவப்பு அடிக்கோடு பளிச்சென்று இருந்தது. பாலிசி முடிந்த நாளிலிருந்து முப்பது நாள். விரல் விட்டு எண்ணினேன். அமாவாசையில் வந்து நின்றது. மறுபடி எண்ணினேன். அமாவாசை நகரவில்லை. ஆஷாடத்துக்கும் எங்கள் சலுகைக்கும் ஒரே நாளில் முடிவு. நான் வட்டம் போட்ட ஆவணியோ இன்னும் பன்னிரண்டு நாளுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தது. மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. எழுத்து ஒவ்வொன்றும் தெரியும், எழுதியிருப்பது மட்டும் தெரியாது.

அதற்குக் கீழே இன்னொரு வரி. சலுகை நாட்களில் தொடர்ச்சி மட்டும்தான் காப்பாற்றப்படும், அந்த நாட்களில் ஏதாவது நேர்ந்தால் அதற்குக் காப்பீடு கிடையாது. காலையில் படித்துறையில் அவர் தடுமாறியதை நினைத்தேன்.

கணவர் கூடத்தில் நாற்காலியில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"இன்னிக்குக் கட்டலேன்னா என்ன ஆகும்?" என்று என்னைப் பார்க்காமல் அவளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். "பாலிசி போயிடும். புதுசா எடுத்தா மறுபடி மூணு வருஷம்."

அவர் எண்ணெய்க் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். நாற்பது பக்கத்தையும் வரி விடாமல் படித்தவள், தன் கணவரின் காலைக் கோட்டைவிட்டேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் தட்டைத் தரையில் வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழறதுக்கு இப்ப டைம் இல்லே அக்கா. தொகையைக் கூட்டற கதை எல்லாம் பேடா. பழைய தொகையை அப்படியே கட்டுங்க. ஃபோனை எடுங்க."

என் ஃபோன் கையில் இருந்தது. பணம் கட்டுகிற பக்கமும் திறந்தது. ரகசிய எண் மட்டும் கணவரின் ஃபோனுக்குத்தான் வரும். அந்த ஃபோனைக் காணவில்லை. அலமாரியில் இல்லை, சட்டைப்பையில் இல்லை. கடைசியில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோன துணிப்பைக்குள், ஈர வேட்டியின் மடியில், சார்ஜ் தீர்ந்து குளிர்ந்து கிடந்தது. துடைத்துச் சார்ஜில் போட்டோம். அது கண் விழிக்கும்வரை மூவரும் சுவரோரம் நின்றோம். எதிரே தினசரிக் காலண்டர். ஞாயிறு, ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை.

மணி ஐந்து. ஆடி மாதம், அமாவாசை, ராகு காலம். இதில் இனிச் சேர்ப்பதற்கு ஒரு பூனை குறுக்கே போவதுதான் பாக்கி. எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது, ஆறு மணிவரை பொறுத்துவிட்டுக் கட்டினால் என்ன? எனக்குத் தோன்றினால் அவருக்குத் தோன்றாதா? மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆறு மணிக்கு மேலே எல்லாரும் கடைசி நாள்னு ஓடி வருவாங்க, அவங்க சர்வர் படுத்துடும்" என்று எதிர்வீட்டுப் பெண் தயங்கிக்கொண்டே சொன்னாள். "போன வருஷம் என் கஸ்டமர் ரெண்டு பேருக்கு அப்படித்தான் ஆச்சு."

கணவர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். ஒவ்வொரு அடியாக வைத்துக் காலண்டரிடம் வந்தார்.

"ராகு காலம் எல்லாம் தொடங்குற காரியத்துக்குத்தான்" என்றார். "இது மூணு வருஷமா நடந்துக்கிட்டிருக்கிற காரியம். ஆடி மாசம்னு அடுப்பை அணைச்சா வெச்சோம்? நீ கட்டு."

நான் நம்பாதவள், நாள் பார்த்து ஒத்திப்போட்டேன். நம்புகிறவர் ஒரே வார்த்தையில் வழி சொல்லிவிட்டார். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த ஆசையை நாற்பது வருடத்தில் எத்தனை முறை உணர்ந்திருப்பேன் என்று தெரியவில்லை.

ஃபோன் விழித்தது. முதல் எண் வந்து, அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் காலாவதியானது. இரண்டாவது எண் வந்தது. தொழிற்சாலையில் கன்னடத்திலேயே எண்ணிப் பழகியவர், எண் என்றால் அவர் வாயில் கன்னடம்தான் வரும்.

"நாலு... இல்லே, நால்கு. ஒம்பத்து. எரடு. எரடு."

"ரெண்டு தடவை எரடா?"

"ரெண்டு தடவை. ஏளு. சொன்னெ."

சொன்னெ என்றால் பூஜ்யம். அதையும் தட்டினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நான் காலண்டரில் போட்ட வட்டத்தைவிட மோசமாக இருந்தது. சுற்றி, நின்று, பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. எதிர்வீட்டுப் பெண் ஃபோனைப் பிடுங்கி ரசீதைத் திறந்து, பெரிதாக்கி, கீழ்வரியில் விரலை வைத்தாள். முதல் பாலிசி தொடங்கிய நாள் என்ற இடத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி அப்படியே இருந்தது. இடையில் ஒன்றும் அறுபடவில்லை.

"ஆச்சு அக்கா" என்று பெருமூச்சு விட்டாள். பிறகு அவளுக்கு வாயெல்லாம் பல். "பீமன அமாவாசை பூஜை பண்ண மாட்டேன்னீங்க. கடைசியிலே நல்லா வேர்த்து விறுவிறுத்துப் பண்ணிட்டீங்க."

அந்தக் கடுபை மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் மட்டும் நாற்காலியில்.

தசரா கூட்டம் கலைந்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் என் கையேடு என்னோடு வந்தது, ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒப்பித்த பிறகே நம்பினேன். தனி அறை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். பாலிசியில் சொன்ன வாடகைக்கு மேல் அறை எடுத்தால், அறைக்கு மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் உட்பட மொத்தத்திலும் அதே விகிதத்தில் பிடிப்பார்கள். இரண்டு பேர் அறையில் சேர்ந்தார். பக்கத்துக் கட்டிலில் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்த ஒரு மரவியாபாரி. இருவரும் ஒரே நாளில் சிநேகமாகி, நான் கொண்டுபோன ரசத்துக்குச் சண்டை போட்டார்கள். கையுறை, பஞ்சு போன்ற சில்லறைச் சாமான்கள் எல்லாம் காப்பீட்டில் வராது என்று பில் வந்தபோது மரவியாபாரி கொதித்தார். "பஞ்சு இல்லாம எப்புடிங்கொ ஆப்பரேசன் பண்றது?" என்று கேட்டார். பன்னிரண்டாம் பக்கம் என்று நான் சொன்னேன்.

காப்பீட்டுக் கம்பெனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. இந்த வலி எப்போதிலிருந்து, முன்பே தெரிவித்தீர்களா? விண்ணப்பத்தின் நகலை அனுப்பினோம். "இரண்டு முழங்கால், வலி, ஒரு வருடமாக." மறுநாள் ஒப்புதல் வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் என்னைக் கும்பிட்டாள். அன்று என் கையைப் பிடித்துத் தடுத்ததற்கு மன்னிப்பாம். உனக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது போ என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம் அவரால் குனிந்து தன் பாதத்தைத் தொட முடியவில்லை. தினமும் காலையில் வெந்நீர் கொண்டுவந்து, நான்தான் அவர் கால்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுவேன். ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்து, நான் அவர் பாதத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சிரிக்காதே. கால் இன்சூரன்ஸ்ல இருக்கு, கழுவறதுக்குத்தான் கிடையாது" என்றேன்.

"ஆசீர்வாதம் பண்ணலாம்னு பார்த்தா, பூவே போட மாட்டேங்கறா" என்று அவர் அவளிடம் முறையிட்டார்.

அடுத்த வருடம் ஆடி அமாவாசைக்கு மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். போன வருடம் நின்ற அதே மேல்படியில் அவர் நின்றார். நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு படி, இன்னொரு படி என்று நிதானமாக இறங்கி, தண்ணீர் தொடும் படிவரை போய்விட்டார். நான் மேலேயே நின்று ஒவ்வொரு படியையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். தர்ப்பணம் முடிந்ததும் அங்கிருந்து கையசைத்து என்னைக் கூப்பிட்டார். பயந்து பயந்து இறங்கிப் போனேன்.

"இந்த வருஷம் கட்டியாச்சா?" என்று கேட்டார்.

"வைகாசியிலேயே கட்டிட்டேன். புது இரட்டைத் தொகையோட."

"அப்ப சரி, இங்கே உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் இரண்டு படி கீழே, எதையும் பிடிக்காமல், முட்டியை மடக்கி உட்கார்ந்தார். என் பாதத்தை எடுத்துத் தண்ணீர்ப் படியில் வைத்து, இரண்டு கையாலும் காவிரியை அள்ளி அதன்மேல் ஊற்றினார்.

"என்ன இது, எல்லாரும் பார்க்கறாங்க" என்றேன்.

"பார்க்கட்டும். இன்னிக்கு அமாவாசை. போன வருஷப் பாக்கி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கை அள்ளினார்.